அழைப்பிதழில் போட்ட பெயர்

மகளின் காது குத்து அழைப்பிதழுக்கு மெய்ப்புப் பார்த்தது நான்தான். தருமபுரியில் ஒரு நாளிதழின் மாவட்ட அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகள் செய்தி திருத்தும் வேலை பார்த்தவள் என்பதால், அரூரில் இருக்கும் என் அண்ணன் அந்தப் பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டார். அச்சகத்தில் கொடுத்த தாளில் இரண்டு பிழைகள் இருந்தன. தீர்த்தமலை என்ற ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. காலை என்று இருக்க வேண்டிய இடத்தில் மாலை என்று இருந்தது. இரண்டையும் சிவப்பு மையில் திருத்தினேன். மூன்றாவது பிழை தாளின் அடியில் இருந்தது. எங்கள் இருவரின் பெயர்களும் அங்கே சேர்ந்து இருந்தன. என் பெயருக்கு மேலே என் கணவரின் பெயர்.

அவர் என்னை நெருங்கக் கூடாது என்று நீதிமன்றம் பாதுகாப்பு ஆணை பிறப்பித்து அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது.

அவருக்குப் பென்னாகரத்தில் உரக்கடை. ஏழு ஆண்டுகள் அங்கே சேர்ந்து வாழ்ந்தோம். அவர் என்னை அடித்தார். எத்தனை முறை, எதற்காக என்பதெல்லாம் மனுவில் இருக்கிறது, மறுபடி எழுதப்போவதில்லை. கடைசி முறை மகள் அதே அறையில் இருந்தாள் என்பதை மட்டும் சொல்ல வேண்டும். அதனால்தான் வெளியே வந்தேன். தருமபுரியில் அலுவலகத்துக்குப் பக்கத்தில் வீடு பிடித்தேன். மகளுக்கு அப்போது ஐந்து வயது.

ஆணை நான்கு பக்கம். வேலைப் பழக்கத்தில் அதையும் ஒரு செய்தி போலச் சுருக்கி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். நான் குடியிருக்கும் இடத்துக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் மகளின் பள்ளிக்கும் அவர் வரக் கூடாது. தொலைபேசியில் பேசக் கூடாது. மகள் இப்போதைக்கு என் பொறுப்பில் இருப்பாள். மாதத்தின் இரண்டாவது, நான்காவது ஞாயிறுகளில் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை அவர் மகளைப் பார்க்கலாம். இரு தரப்பும் ஏற்கும் ஒருவர் வழியாகக் குழந்தையை ஒப்படைக்க வேண்டும். நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் குழந்தையை மாவட்டத்துக்கு வெளியே குடியமர்த்தக் கூடாது.

இரு தரப்பும் ஏற்கும் ஒருவர் யார் என்று நீதிமன்ற நடுவர் கேட்டபோது, அன்று வந்திருந்த உறவினர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கடைசி பெஞ்சில் இருந்து என் கணவருடைய அண்ணன் மனைவி எழுந்தார். எனக்கு ஓரகத்தி, நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

"நான் கூட்டியாந்து கூட்டிப் போறேங்க. எனக்கும் மாசத்துல ரெண்டு நாளு வூட்டு வேல மிச்சம்."

நடுவர் சிரித்துவிட்டார். நடுவர் ஒரு பெண். தென் மாவட்டத்துக்காரர் என்பது பேச்சில் தெரிந்தது. ஓரகத்தியின் பெயரை ஆணையில் எழுதிக்கொண்டார். அந்த வரிக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்பது அன்று தெரியவில்லை.

அழைப்பிதழுக்கு வருகிறேன். எங்கள் பக்கம் ஒற்றைப்படை வயதில் காது குத்துவார்கள். மூன்றில் செய்திருக்க வேண்டியது. வீட்டு நிலைமையால் தள்ளிப்போனது. ஐந்தும் போனால் ஏழுதான். தீர்த்தமலையில் வைத்துக்கொள்ளலாம் என்று அண்ணன் சொன்னார். அச்சகத்தில் மெய்ப்பைத் திருப்பிக் கொடுத்தபோது, கணவரின் பெயர் மீது ஒரு விநாடி விரல் வைத்தேன். அச்சகக்காரர் கவனித்துவிட்டார். அவருக்கு விஷயம் தெரியும். தருமபுரி அவ்வளவு பெரிய ஊர் இல்லை.

"ஏம்மா, அப்பா பேர எடுத்துட்டா படிக்கறவங்க என்ன நெனைப்பாங்க? ஒன்னு செத்துட்டாருன்னு நெனைப்பாங்க. இல்ல ஓடிப்போயிட்டாருன்னு நெனைப்பாங்க. ரெண்டும் புள்ளைக்கு நல்லதில்லீங்க."

சரிதான் என்று பட்டது. தந்தை பெயர் இல்லாத காது குத்து அழைப்பிதழை நான் பார்த்ததும் இல்லை. விரலை எடுத்துவிட்டேன். அழைப்பிதழ் என்பது ஒருவர் கையெழுத்திடாமலேயே அவர் பெயரில் வெளியாகும் ஆவணம் என்று பதினோரு ஆண்டு செய்தி திருத்தியவளுக்குத் தோன்றவில்லை. நீதிமன்றம் வரச் சொன்னால் மட்டுமே நான் பார்க்க வேண்டிய ஒருவரை, ஊர் கூட்டி நானே வரவேற்பது போல அந்த அட்டை இருந்தது. அச்சகக்காரர் மீது எனக்கு வருத்தமில்லை. அவர் என் மகளுக்காகத்தான் சொன்னார்.

ஓரகத்திக்கு ஓர் அழைப்பிதழ் கொடுத்தேன். கொடுக்காமல் எப்படி இருப்பது? மாதம் இரண்டு முறை என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போகிறவர் அவர்.

தீர்த்தமலையில் படி ஏறி முடிக்க எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. மொட்டை அடித்து, அண்ணன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினார்கள். மகள் ஒரு காதுக்கு அழுதாள், இரண்டாவது காதுக்கு ஆசாரியைக் கடித்தாள். எல்லாம் முடியும் தறுவாயில் ஓரகத்தி மூச்சு வாங்க மேலே வந்து சேர்ந்தார். கையில் ஒரு தட்டு; அதில் பட்டுப் பாவாடையும் ஒரு ஜோடித் தோடும்.

"இது எங்கூட்டு சீரு. பாவாட நான் எடுத்தது. தோடு யாரு எடுத்ததுன்னு கேக்காத."

"கேக்கலக்கா."

"கேட்டாலும் சொல்ல மாட்டேன். மொதல்ல தண்ணி குடு, நெஞ்சு வலிக்குது. சாமிக்கு கீழ எடமே கெடைக்கலியா?"

அவர் அங்கே இருந்த நேரத்தில் மூன்று முறை எழுந்து, கீழே பார்க்க வசதியான சுவர் ஓரமாகப் போய் தொலைபேசியில் பேசினார். யாரிடம் என்று கேட்டதற்கு, வீட்டில் சோறு ஆக்கினார்களா என்று விசாரிப்பதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சோற்றுக்கு மூன்று அழைப்பா என்று கேட்டிருக்க வேண்டும். தாலுகா நிருபர்கள் அனுப்பும் செய்தியில் இப்படி ஓர் ஓட்டை இருந்தால் உடனே கூப்பிட்டுக் கேட்கிறவள், அன்று கேட்கவில்லை. மகளின் காதில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆண்டு நாளிதழ், மாவட்ட அலுவலகத்தில் ஆட்களைக் குறைத்தது. குறைக்கப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. இரண்டு மாதம் கழித்து ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் பயிற்சிப் பிரிவில் வேலை கிடைத்தது. இயந்திரங்களுக்கான பாதுகாப்பு அறிவிப்புகளையும் கையேடுகளையும் தொழிலாளர்களுக்குப் புரியும் தமிழில் எழுத வேண்டும். ஓசூர் வேறு மாவட்டம். நீதிமன்றத்தில் அனுமதி கேட்டிருக்க வேண்டும். அவர் எதிர்ப்பார், வாய்தா வாய்தாவாக இழுக்கும், அதற்குள் வேலை போய்விடும் என்று பயந்தேன். என் சுருக்கத் தாளை எடுத்து ஆணையின் கடைசி வரியைப் படித்தேன். மாவட்டத்துக்கு வெளியே. மாரண்டஹள்ளி தருமபுரி மாவட்டத்துக்குள்தான் இருக்கிறது. அங்கிருந்து ஓசூருக்குப் பேருந்து உண்டு. வீட்டை மாரண்டஹள்ளிக்கு மாற்றினேன், மகளை அங்கே ஒன்றாம் வகுப்பில் சேர்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஓரகத்தியிடம் மட்டும், இனிமேல் பாலக்கோடு பேருந்து நிலையத்துக்கு வந்துவிடுங்கள் என்றேன்.

"எதுக்கு, என்ன ஆச்சு?" என்றார். காரணம் சொன்னேன். "சரி, எனக்கும் பாப்பாரப்பட்டி வழியா ஒரே பஸ்சு. ஆனா இத நீ கோர்ட்டுல சொல்லியாச்சுல்ல?"

மகளின் பையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

காலை ஏழு மணிக்கு முன்பே நான் பேருந்து ஏறியாக வேண்டும். திரும்பி வரும்போது இரவு ஏழைத் தாண்டிவிடும். மகளைப் பள்ளிக்கு அனுப்புவதும், மாலையில் பார்த்துக்கொள்வதும் பக்கத்து வீட்டு அம்மா. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அந்த அம்மாவின் கணவருக்குத் தக்காளி மண்டி. மகள் அவரை அத்தை என்று கூப்பிடுவாள். நான் கேட்கும் முன்பே அந்த அம்மாவாக முன்வந்தார். பதிலுக்கு எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. என் மகள் நான்கு மாதத்தில் தெலுங்கில் சண்டை போடக் கற்றுக்கொண்டாள்.

ஒரு ஞாயிறு, மகள் பென்னாகரத்தில் தன் புதுப் பள்ளியைப் பற்றிப் பேசியிருக்கிறாள். அதை மறைக்க வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. நல்லவேளை, நானும் சொல்லித் தரவில்லை. மூன்று வாரத்தில் நோட்டீஸ் வந்தது. தாய் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்காமல் குழந்தையை இடம் மாற்றிவிட்டார், தந்தைக்குத் தன் மகள் எங்கே படிக்கிறாள் என்றே தெரியாது, தாய் பகல் முழுதும் வேறு ஊரில் இருக்கிறார், குழந்தை அந்நியர்களிடம் வளர்கிறது. ஆகவே மகளைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு வரியாகப் படித்தேன். திருத்த எதுவும் இல்லை. அந்நியர்கள் என்ற சொல்லை மட்டும்தான் என்னால் மறுக்க முடிந்தது.

என் வழக்கறிஞர் என்னைவிட வயதில் சிறியவர். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மாறுறதுக்கு முன்னாடி கோர்ட்டுல ஒரு மெமோ போட்டிருந்தா இந்த மனுவே வந்திருக்காதுங்க."

"மாவட்டத்துக்குள்ளதானே இருக்கேன்?"

"ஆர்டர் உங்கள அவருகிட்ட இருந்து காப்பாத்தறதுக்கு. புள்ளைக்கு அவரு அப்பா இல்லேன்னு அதுல எங்கயும் எழுதல. ரெண்டையும் ஒன்னா நெனச்சுக்கிட்டீங்க."

உண்மை. பாதுகாப்பு ஆணை கையில் இருந்ததும், மகள் எங்கே இருக்கிறாள் என்பதும் என் சொந்த விஷயம் என்று நினைத்துவிட்டேன். வழக்கறிஞர் எங்கள் சார்பில் ஒரு மனு போட்டார்: மகளுடன் ஓசூரிலேயே குடியேற அனுமதி வேண்டும். இரண்டு மனுக்களும் ஒன்றாக விசாரணைக்கு வந்தன. மகள் என்னோடு ஓசூருக்கு வருவாள், அல்லது பென்னாகரத்துக்குப் போவாள். நடுவில் எதுவும் இல்லை. விசாரணை நாள் வரைக்குமான நான்கு மாதமும் தினமும் பேருந்து ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து இதையே நினைத்துக்கொண்டு போனேன்.

வீட்டைப் பார்த்து அறிக்கை கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் பாதுகாப்பு அலுவலரை அனுப்பியது. சொல்லாமல் ஒரு மாலை வந்துவிட்டார். நான் ஓசூரில் இருந்தேன். நடந்ததைப் பக்கத்து வீட்டு அம்மா எனக்கு நடித்தே காட்டினார்.

"நீங்க யாருன்னாங்க. பக்கத்து வூடுன்னேன். சொந்தமான்னாங்க. சொந்தமா இருந்தா இப்படிப் பாத்துக்குவாங்களான்னு கேட்டேன்."

"ஐயோ, அப்படியா சொன்னீங்க?"

"அந்தம்மாவே சிரிச்சுட்டாங்க. அப்பறம் புள்ளகிட்ட, மத்தியானம் என்ன சாப்பிட்டேன்னாங்க. இவ, 'நான் முட்ட சாப்ட்டேன், அத்த சண்ட போட்டு ரெண்டாவது முட்ட வெச்சாங்க'ங்கறா. பேனாவ வெச்சு எழுதிக்கிட்டாங்க."

அறிக்கையில் அந்த முட்டை இருந்தது. குழந்தை நலமாக இருக்கிறது, அண்டை வீட்டார் அன்பாகப் பார்த்துக்கொள்கிறார்கள், ஆனால் தாய் தினமும் பன்னிரண்டு மணி நேரம் வெளியே இருக்கிறார் என்று எழுதியிருந்தார். மூன்றுமே சரி.

விசாரணை நாள் வந்தது. என் கணவர் வலது பக்கம் நின்றார், நான் இடது பக்கம். நடுவில் வழக்கறிஞர்கள். இரண்டு ஆண்டுகளில் அவருக்கு முன் தலை நரைத்திருந்தது. அவருடைய வழக்கறிஞர் அனுபவசாலி. என் பயணம், பக்கத்து வீடு, மாற்றிய பள்ளி எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்து மஞ்சள் அட்டை ஒன்றை எடுத்தார். தூரத்தில் இருந்தே தெரிந்தது. எழுத்துரு நான் தேர்ந்தெடுத்தது.

"மேடம், இது இவங்க அடிச்ச பத்திரிகை. ஆர்டர் வாங்கி ஆறே மாசத்துல, எங்க கட்சிக்காரர் பேரப் போட்டு, வாங்கன்னு கூப்பிட்டிருக்காங்க. அவரும் போயிருக்காரு. பயந்தவங்க கூப்பிடுவாங்களா? பயமே இல்லேன்னா இந்த ஆர்டர் எதுக்கு? ஆர்டரே தேவையில்லேன்னா, அப்பாகிட்ட இருந்து புள்ளைய ஓசூருக்குக் கொண்டு போக என்ன காரணம் மிச்சம் இருக்கு?"

ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய அந்த வாதத்தின் கட்டுமானத்தை ஒரு கணம் ரசித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகுதான் அவர் சொன்ன வேறொன்று உறைத்தது. அவரும் போயிருக்கிறார். தீர்த்தமலையில் நான் அவரைப் பார்க்கவில்லை. என் வழக்கறிஞர் என் பக்கம் திரும்பி, உதடு அசையாமல், "இது என்னங்க?" என்றார். அழைப்பிதழைப் பற்றி நான் அவரிடம் சொன்னதே இல்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று தோன்றியதில்லை.

நடுவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நீங்க அடிச்சதா?"

"ஆமாங்க மேடம். புரூஃப் பாத்ததும் நான்தாங்க."

"அவர் பேரு ஏன் இருக்கு?"

"எங்க பக்கம் அப்பா பேரு இல்லாம காது குத்துக்குப் பத்திரிகை அடிக்க மாட்டாங்க மேடம். அடிச்சா புள்ளையத்தான் பேசுவாங்க."

"அப்ப இவரக் கூப்பிடல?"

"இல்லீங்க மேடம். பேரு மட்டும் போட்டேன்."

சொல்லும்போதே அது எவ்வளவு பலவீனமாக இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. பின்வரிசையில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். நடுவர் அட்டையை மேசையில் வைத்துவிட்டு, என் கணவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க போனீங்களா?"

"போனேங்க."

"மேல கோயில்ல, சடங்கு நடக்கறப்ப பக்கத்துல இருந்தீங்களா?"

அவருடைய வழக்கறிஞர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் பதில் சொல்லிவிட்டார்.

"இல்லீங்க. நான் மேல ஏறல. அடிவாரத்துலயே நின்னுட்டேங்க."

"ஏன்?"

"ஆர்டர் இருக்குதுங்களே."

நடுவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பத்திரிகைல உங்க பேரு இருந்ததே?"

"பேரு இருந்துதுங்க. ஆனா அது அவங்க கூப்பிட்டது இல்லேன்னு எனக்குத் தெரியும்ங்க. ஊருக்காகப் போட்டது. அண்ணியும் சொன்னாங்க, மேல போனா அப்பறம் ஞாயித்துக்கெழம பாக்கறதும் போயிரும்னு. அவங்க சொல்லாட்டியும் ஏறியிருக்க மாட்டேங்க."

"எவ்வளவு நேரம் நின்னீங்க?"

"காலைல எட்டு மணில இருந்து அவங்க எறங்கற வரைக்கும்ங்க. தேங்காக் கடைக்குப் பின்னாடி ஒரு வேன் நின்னுது, அதுக்கு அந்தப் பக்கம். புள்ள மொட்டையோட போனா. அண்ணி கூட ஏதோ சண்ட போட்டுக்கிட்டே போனா. பாத்துட்டு பஸ் ஏறிட்டேங்க."

அவருடைய வழக்கறிஞர் கையில் இருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். பயமில்லை, ஆகவே ஆணை தேவையில்லை, ஆகவே மகளை மாற்றக் காரணமில்லை என்ற மூன்று படிகளில் முதல் படியை அவருடைய கட்சிக்காரரே எடுத்துவிட்டார். அவர் இன்னொரு விதமாகச் சொல்லியிருக்கலாம். மேலே போனேன், யாரும் தடுக்கவில்லை என்று ஒரு வரி போதும். மறுக்க என்னிடம் இருந்த சாட்சிகள் எல்லாம் என் உறவினர்கள். அவர் அந்த வரியைச் சொல்லவில்லை. அதைச் சொல்லாததால் மகளை இழக்க நேரலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். உரக்கடை நடத்துகிறவருக்கு இந்த எளிய கணக்கு தெரியாமல் இருக்காது.

நான் அவரைப் பார்க்கவில்லை. முன்னால் இருந்த மரத்தடுப்பின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் யாரோ பேனாவால் ஒரு பேருந்து படம் வரைந்திருந்தார்கள்.

பதினைந்து நாள் கழித்து உத்தரவு வந்தது. படிக்கும் முன் நடுவர் என்னிடம்தான் முதலில் பேசினார்.

"மாரண்டஹள்ளி மாவட்டத்துக்குள்ளதான் இருக்குன்னு கணக்குப் போட்டீங்க, இல்லியா?"

"ஆமாங்க மேடம்."

"ஆணையப் படிச்சு அதுல சந்து தேடாதீங்க. வந்து கேளுங்க. அன்னிக்கே கேட்டிருந்தா அன்னிக்கே பரிசீலிச்சிருப்பேன். உங்க புள்ளையும் வருஷம் பூரா பக்கத்து வீட்ல சாப்பிட வேண்டியிருந்திருக்காது."

தலையாட்டினேன். என் வேலையில் எத்தனையோ பேரின் பிழையை எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருக்கிறேன். அவ்வளவு சுருக்கமாகவும் சரியாகவும் சொன்னதில்லை.

மகளோடு ஓசூரில் குடியேறலாம். பாதுகாப்பு ஆணை அப்படியே தொடரும். புதிய வீட்டுக்கும் வேலை இடத்துக்கும் பள்ளிக்கும் பொருந்தும். முகவரியை மூடிய உறையில் நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும், மாறினால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். தந்தையின் ஞாயிறுகள் குறையாது. ஊர் தூரமாகிவிட்டதால், காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறைகளில் மகள் சில நாட்கள் பென்னாகரத்தில், அவர் வீட்டில் அல்லாமல் ஓரகத்தி வீட்டில் தங்கலாம். பகலில் தந்தை அங்கே வந்து பார்க்கலாம். மகளின் படிப்பு, உடல்நலம் பற்றி நான் மாதம் ஒரு முறை எழுத்தில் அனுப்ப வேண்டும். மகளைத் தன்னிடம் ஒப்படைக்கக் கோரிய அவருடைய மனு தள்ளுபடி. அந்த மனு தள்ளுபடி ஆகும் வரியிலேயே, தந்தை ஆணையை மதித்து நடந்துகொண்டதை நீதிமன்றம் பதிவு செய்கிறது என்று நடுவர் எழுதியிருந்தார். விடுமுறை நாட்களை அவர் பெற்றது அந்தப் பதிவினால்தான் என்று வழக்கறிஞர் சொன்னார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

ஓரகத்தி பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. மூன்று தாளில் போட்டுவிட்டு, "எங்கல்யாணத்துல கூட எம்பேர இத்தன எடத்துல போடல" என்றார். ஊழியர் இன்னொரு தாளை நீட்டினார்.

வெளியே வராந்தாவில் என் கணவர் தன் வழக்கறிஞரோடு நின்றிருந்தார். நாங்கள் வருவதைப் பார்த்ததும் படியிறங்கிப் போய்விட்டார். அவர் என்னிடம் பேசக் கூடாது என்று ஆணை சொல்கிறது. நான் அவரிடம் பேசக் கூடாது என்று எங்கும் இல்லை. ஆனாலும் பேசவில்லை. அவர் சொன்ன உண்மைக்காக அந்த ஆணையைத் தளர்த்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை; இன்றும் தோன்றவில்லை. மகள் பார்க்க அந்த வீட்டு அறையில் நடந்ததும் நடந்ததுதான், அடிவாரத்தில் அவர் நின்றதும் நடந்ததுதான். ஒன்றால் மற்றொன்றை அழிக்காமல் இரண்டையும் வைத்துக்கொள்ள முடிகிறது. ஆனால் நன்றி என்று ஒன்று இருந்தது. அதை எங்கே கொண்டு சேர்ப்பது என்று தெரியவில்லை.

ஓசூருக்குக் குடிபோன பிறகு வந்த முதல் ஞாயிறு, பாலக்கோடு பேருந்து நிலையத்தில் ஓரகத்தியிடம் கேட்டேன். மகள் தண்ணீர் பாட்டிலை நிரப்பப் போயிருந்தாள்.

"அக்கா, அவருகிட்ட ஒன்னு சொல்லணும்."

"என்னன்னு?"

"அன்னிக்கு கோர்ட்ல உள்ளத உள்ளபடி சொன்னாருல்ல. அதுக்கு..."

அவர் கையை ஆட்டித் தடுத்துவிட்டார்.

"அதெல்லாம் நான் போய்ச் சொல்ல மாட்டேன். நீ ஒரு வார்த்த நல்லதா சொன்னேன்னு தெரிஞ்சா போதும், வூட்டுல அத்தன பேரும் கெளம்பிருவாங்க. மனசு மாறிட்டா, சேத்து வெச்சிரலாம்னு. அப்பறம் உனக்கும் நிம்மதி இல்ல, அவனுக்கும் இல்ல, நடுவுல எனக்கும் இல்ல."

"அப்ப சொல்லாமயே விட்டுரவா?"

நிலையத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். அது ஓடவில்லை. தன் தொலைபேசியில் மணி பார்த்தார்.

"பத்து மணிக்கு நான் இங்க புள்ளைய வாங்குனா, ஊருக்குப் போய்ச் சேர பதினொன்னேகால் ஆவுது. திரும்பி அஞ்சுக்கு இங்க வரணும்னா மூணரைக்கெல்லாம் பஸ் ஏத்தணும். அவன் பாக்கறது நாலு மணி நேரம். அதுலயும் ரெண்டு நேரம் சாப்பாடு. உனக்கு மனசு இருந்தா ஒரு மணி நேரம் முன்னாடி கூட்டியா. நான் ஒன்னும் சொல்ல வேண்டியது இல்ல பாரு."

சந்து தேடாதே என்று ஒரு முறை சொல்லக் கேட்டிருந்ததால், மறுநாள் வழக்கறிஞரைக் கூப்பிட்டு, ஆணையில் பத்து மணி என்று இருக்கும்போது ஒன்பது மணிக்கே ஒப்படைக்கலாமா, அதற்கும் மெமோ போட வேண்டுமா என்று கேட்டேன். அவர் வெகுநேரம் சிரித்தார். "கூடக் குடுக்கறதுக்கு இது வரைக்கும் யாரும் எங்கிட்ட மெமோ கேட்டதில்லீங்க" என்றார். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்று எழுதித் தாக்கல் செய்தார்.

ஓசூரில் இருந்து பாலக்கோட்டுக்கு ஒன்பது மணிக்குள் வர வேண்டும் என்றால் ஆறரைப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்நேரத்தில் எழுப்புவதற்கு மகள் என்னைத் தெலுங்கில் திட்டுவாள். பேருந்தில் ஏறியதும் என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிடுவாள். மாரண்டஹள்ளியில் பேருந்து நிற்கும்போது மட்டும் எழுந்து ஜன்னலில் எட்டிப் பார்ப்பாள். பக்கத்து வீட்டு அம்மா சில வாரம் நிறுத்தத்துக்கே வந்து, ஜன்னல் வழியாக ஒரு பை தக்காளியைக் கொடுத்துவிட்டுப் போவார்.

பாலக்கோட்டில் ஓரகத்தி எங்களுக்கு முன்பே வந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பாப்பாரப்பட்டி பேருந்தைப் பார்த்து நடப்பார். ஒன்பது மணிக்கு மேல் எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. பேருந்து கிளம்பும் வரை நின்றுவிட்டு, மாலை வரை படிக்க வைத்திருக்கும் கையேட்டுத் தாள்களை எடுப்பேன்.

மகள் முன்கூட்டி வருவதற்கு யார் காரணம், என்ன காரணம் என்று என் கணவர் இதுவரை கேட்டனுப்பவில்லை. சென்ற மாதம் மட்டும் ஓரகத்தி போகிற போக்கில் ஒன்று சொன்னார். இரண்டாவது, நான்காவது ஞாயிறுகளில் அவர் இப்போதெல்லாம் எட்டு மணிக்கே குளித்துவிட்டுப் பென்னாகரம் நிலையத்துக்கு வந்து நிற்கிறாராம்.